அறுக்கப்பட்ட ஆட்டுக்குட்டி: கிரேக்க வேதச் சொல்லொன்றும் யாழ்ப்பாணத்து வாசகரும்

கிறிஸ்து சமயத்தின் ஆதி நூல்கள் கிரேக்க பாஷையில் எழுதப்பட்டபோது, அவற்றை எழுதினவர்களும் வாசிக்கக் கேட்டவர்களும் நாள்தோறும் கண்டு பழகிய விலங்குகள் பல அந்நூல்களினுள்ளே புகுந்து, சில உவமைகளாகவும் சில வசைமொழிகளாகவும் நின்றன. நாயும் ஓநாயும், பாம்பும் புறாவும், கழுதையும் ஒட்டகமும் நிற்கும் அவ்வரிசையில், வழிபடப்படும் ஒருவரின் திருநாமமாகவே உயர்ந்து நிலைபெற்றது ஆட்டுக்குட்டி என்னும் பெயரே. யாழ்ப்பாணக் குடாநாட்டுத் திருச்சபைகளில் இப்பெயர் மூன்று நூற்றாண்டுகளுக்கு மேலாக வழங்கி வருகின்றது. எனினும், அதனைக் கேட்டவுடன் பலரது மனக்கண்ணில் எழுவது, மேல்நாட்டு அச்சகங்களிலிருந்து வந்த ஞாயிறு பாடசாலைப் படங்களில் உள்ள, சுருண்ட கம்பளி போர்த்து, பால்வெண்மையாய், மேய்ப்பனின் தோளிலே கிடக்கும் ஒரு சிற்றுருவமே.

அப்படத்தின் தாற்பரியம் சாந்தமும் மாசின்மையுமாகும். அவை பிழையான பொருள்கள் என்று கூற இடமில்லை. ஆயினும் மூலச்சொல் சுமக்கும் பாரத்தில் அவை ஒரு பங்குதான். கிரேக்க நூல்களிலே ஆட்டுக்குட்டி என்பது கொலைக்களத்துக்கும் அரியணைக்கும் ஒருங்கே உரிய சொல். அறுபட்ட கழுத்தும் அதற்கு உண்டு; ஏழு கொம்புடைய தலையும் அதற்கு உண்டு. அச்சொல்லின் முழுப்பொருளை அறிவதற்கு, கம்பளியாட்டைக் கண்டறியாத யாழ்ப்பாணத்து வாசகன் குறைபட்டவன் அல்லன். வேள்விக் கிடாயையும் கந்தபுராணத்துத் தகரையும் அறிந்த அவன், அப்படத்தை வரைந்த மேல்நாட்டானிலும் முதல் நூற்றாண்டுக்கு அணுக்கமானவன் என்பதே இக்கட்டுரை நிறுவ முயலும் கருத்தாகும்.

கிரேக்கச் சொற்களின் வழக்கு

புதிய ஏற்பாட்டின் கிரேக்கத்தில் ஆட்டினத்தைக் குறிக்கும் சொற்கள் பல. மந்தையாட்டைப் பொதுப்படக் குறிப்பது ‘புரோபட்டொன்’. வெள்ளாட்டுக் குட்டியைக் குறிப்பது ‘எரிபொஸ்’. இளஞ்செம்மறியைக் குறிப்பனவாக ‘அம்னொஸ்’, ‘அரேன்’, ‘அர்னியொன்’ என மூன்று சொற்கள் காணப்படுகின்றன. இவற்றுள் அரேன் என்பது லூக்கா சுவிசேஷத்தின் பத்தாம் அதிகாரத்தில், ஓநாய்களின் நடுவே அனுப்பப்படும் சீடர்களைக் குறித்து ஒரேயொரு முறை வருவது. சமஸ்கிருதத்தில் ஆட்டுக்கடாவைக் குறிக்கும் ‘உரணம்’ என்னும் சொல்லும் இதுவும் ஒரே மூலத்தினின்று பிரிந்த உடன்பிறப்புக்கள் என்பது மொழிநூலார் ஒப்பிய முடிபு. அர்னியொன் என்பது அரேன் என்னும் சொல்லின் குறுமை வடிவம். ஆனால் புதிய ஏற்பாட்டுக் காலத்துப் பொதுவழக்குக் கிரேக்கத்தில் இத்தகைய ஈறுகள் தம் குறுமைப் பொருளைப் பெரிதும் இழந்துவிட்டமையால், ‘மிகச் சிறிய குட்டி’ என்று அதற்கு உரைவிரித்து, அதன்மேற் பெரிய தத்துவமொன்றைக் கட்டுவது பொருந்தாது.

அம்னொஸ் நான்கே இடங்களில் வருகின்றது. யோவான் சுவிசேஷத்தின் முதல் அதிகாரத்தில் யோவான் ஸ்நானன் இயேசுவைச் சுட்டிக் கூறும் இரு கூற்றுக்களிலும், அப்போஸ்தலர் நடபடிகளில் எத்தியோப்பிய மந்திரி தன் இரதத்திலிருந்து வாசித்த ஏசாயாவின் பகுதியிலும், பேதுருவின் முதலாம் நிருபத்திலும் அது காணப்படும். அர்னியொன் முப்பது இடங்களில் வருகின்றது. அவற்றுள் ஒன்று யோவான் சுவிசேஷத்தின் இறுதி அதிகாரத்தில், பேதுருவிடம் ஒப்புவிக்கப்படும் மந்தையைக் குறிப்பது. ஏனைய இருபத்தொன்பதும் வெளிப்படுத்தின விசேஷத்தில் உள்ளன. அவ்விருபத்தொன்பதினுள்ளும் ஒன்று, ஆட்டுக்குட்டியின் கொம்புகளைப் போன்ற இரு கொம்புகளோடு பூமியிலிருந்து எழும்பும் பொய் மிருகத்தைப் பற்றியது. எஞ்சிய இருபத்தெட்டும் கிறிஸ்துவையே குறிக்கின்றன. யோவான் என்னும் ஒரே பெயரோடு மரபு இணைத்துவைத்த இரு நூல்களில், சுவிசேஷம் கிறிஸ்துவை அம்னொஸ் என்றும், வெளிப்படுத்தல் அர்னியொன் என்றும் மாறாது வழங்குதல் சிந்திக்கத்தக்கது.

இவ்விரு சொற்களுக்கும் முன்வரலாறு உண்டு. கிறிஸ்துவுக்கு முற்பட்ட நூற்றாண்டுகளிலே எபிரேய வேதம் கிரேக்கத்தில் பெயர்க்கப்பட்டபோது, எழுபதின்மர் மொழிபெயர்ப்பு என வழங்கும் அந்நூலில், காலையும் மாலையும் பலிபீடத்தில் தகனிக்கப்படும் நித்திய பலிக்குரிய குட்டிகள் அம்னொஸ் எனப்பட்டன. ஆகவே அம்னொஸ் என்பது பலிபீடத்தின் வாடை வீசும் சொல். அர்னியொனோ அந்நூலில் அருகியே வருவது. குன்றுகள் குட்டிகளைப்போலத் துள்ளின என்று பாடும் சங்கீதத்திலும், தனக்கு எதிராய்ச் சூழ்ந்தவர்களின் கருத்தறியாமல் அறுக்கப்படுவதற்குக் கொண்டுபோகப்பட்ட குட்டியாகத் தன்னைக் கூறிக்கொள்ளும் எரேமியாவின் கூற்றிலும் அதனைக் காணலாம். துள்ளலும் சாவும் ஆகிய இரண்டையும் அச்சொல் தன் இளமைப் பருவத்திலேயே அறிந்திருந்தது.

எந்தப் பலியின் ஆடு?

உலகத்தின் பாவத்தைச் சுமந்து நீக்கும் தேவ ஆட்டுக்குட்டி என்று யோவான் ஸ்நானன் கூறியபோது, இஸ்ரவேலரின் எந்தப் பலியை உளங்கொண்டான் என்பது பலகாலமாக ஆராயப்பட்டுவரும் வினாவாகும். பஸ்கா ஆடு என்பது முதல் விடை. இயேசு சிலுவையில் அறையப்பட்ட நேரத்தைப் பஸ்காவின் ஆயத்தநாளோடு இணைத்தும், அவருடைய எலும்புகள் முறிக்கப்படாமையைப் பஸ்கா விதியோடு பொருத்தியும் அதே சுவிசேஷம் கூறுவது இவ்விடைக்கு வலிமை தருகின்றது. ஆயினும் பஸ்கா ஆட்டின் இரத்தம் வாசல்நிலைகளிற் பூசப்பட்டது சங்காரத்தினின்று வீட்டாரைக் காப்பதற்கேயன்றி, பாவத்தைப் போக்குவதற்கன்று. பாவத்தைச் சுமந்து வனாந்தரத்துக்குப் போவது லேவியராகமத்தின் பதினாறாம் அதிகாரத்தில் வரும் போக்காடு. அதுவோ செம்மறியன்று, வெள்ளாட்டுக்கடா. நித்திய பலிக்குரிய குட்டிகளுக்கு அம்னொஸ் என்னும் பெயர் பொருந்தும். ஆயினும் பாவம் சுமத்தல் அவற்றின் சிறப்புத் தொழிலாகக் கூறப்படவில்லை. பிறர் பாவத்தைச் சுமந்து, மயிர் கத்தரிப்பவன் முன்னே வாய்திறவாத ஆட்டைப்போல நின்ற ஏசாயாவின் தாசன் இவற்றினும் நெருங்கி வருகின்றான். அங்கும், எழுபதின்மர் மொழிபெயர்ப்பில், அறுக்கப்படும் விலங்கு புரோபட்டொன், மயிர் கத்தரிக்கப்படும் விலங்கே அம்னொஸ்.

இச்சிக்கலை அவிழ்க்க முயன்ற அறிஞர்கள் வெவ்வேறு வழி சென்றனர். குட்டியையும் ஊழியனாகிய சிறுவனையும் ஒருங்கே குறிக்கும் அரமேயச் சொல்லொன்று கிரேக்கக் கூற்றின் பின்னணியில் இருக்கலாம் என்று யோவாகிம் ஜெரேமியஸ் கருதினார். 1953இல் வெளிவந்த தம் யோவான் சுவிசேஷ ஆய்வில் சி. எச். டாட் என்பவர், பலியாட்டை விட்டு, மந்தையை நடத்திப் பகைவரை முட்டி வெல்லும் கொம்புடைய கடாவைச் சுட்டினார். ஏனோக்கு என்னும் பழைய யூத நூலின் விலங்குக் காட்சியில், இஸ்ரவேலர் ஆட்டு மந்தையாகவும் அவர்தம் தலைவர்கள் கொம்பு முளைத்த கடாக்களாகவும் தோன்றுதல் அவருடைய கருத்துக்கு ஆதாரமாயிற்று. ஒவ்வொரு விடையும் ஒரு பகுதியை விளக்கி மறுபகுதியை விட்டுவிடுவதை நோக்குமிடத்து, சுவிசேஷகன் ஒரு பலியை மாத்திரம் எண்ணி எழுதவில்லை என்றும், ஆடு அறுபடும் களங்கள் அனைத்தையும் ஒரு சொல்லிலே திரட்டினான் என்றும் கொள்வதே நேரிது.

இங்கே தமிழருக்கு இயல்பாகவே விளங்கக்கூடிய ஒரு விதி யாத்திராகமத்தின் பன்னிரண்டாம் அதிகாரத்தில் இருக்கின்றது. பஸ்காவுக்குரிய விலங்கு பழுதற்றதாய், ஆணாய், ஒருவயதுடையதாய் இருத்தல் வேண்டும். அது செம்மறிகளிலிருந்தோ வெள்ளாடுகளிலிருந்தோ தெரிந்துகொள்ளப்படலாம். எபிரேயச் சொல்லும், அதற்கு ஈடாக நின்ற கிரேக்கப் புரோபட்டொனும் அவ்விடத்தில் இருவகை ஆட்டையும் தழுவின. இக்கிடாயின் வயதையும் பாலையும் நோக்கினால், தோளிலே தூக்கிச் செல்லப்படும் பச்சிளங்குட்டியின் படம் கலைந்துபோகின்றது. எருசலேமின் பஸ்கா நாளொன்றில் இரண்டரை இலட்சத்துக்கு மேற்பட்ட விலங்குகள் அறுக்கப்பட்டன என்று யோசேப்பு என்னும் யூத சரித்திரகாரர் எழுதிவைத்துள்ளார். அத்தொகையை ஆராய்ச்சியாளர் மிகையெனக் கொள்வர்; எனினும், அந்நகரில் ஆட்டுக்குட்டி என்ற சொல் செவியில் விழுந்தவுடன் கூட்டமும் கூச்சலும் குருதியும் சேர்ந்தே நினைவில் எழுந்திருக்கும் என்பதில் ஐயமில்லை.

அரியணையில் நின்ற அர்னியொன்

வெளிப்படுத்தின விசேஷத்தைப் பெரும்பாலார் உரோமச் சக்கரவர்த்தி தொமித்தியனின் கடைசிக் காலமாகிய கி.பி. 95ஐ அடுத்து எழுந்ததாகக் கொள்வர். கி.பி. 70இல் எருசலேம் ஆலயம் உரோமப் படைகளால் அழிக்கப்பட்டு, பலிபீடத்தின் நெருப்பு அவிந்து, நித்திய பலி நின்றுபோய்க் கால் நூற்றாண்டு கழிந்த பின்னர், பலிக்குரிய விலங்கின் பெயர் அந்நூலில் பக்கத்துக்குப் பக்கம் எழுகின்றது. 1621இல் நல்லூர்க் கந்தசுவாமி கோயிலைப் போர்த்துக்கேயர் இடித்த வரலாற்றைத் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவரும் ஒரு மக்கட் கூட்டத்துக்கு, இடிந்த ஆலயத்தின் வழிபாடு சொல்லினுள்ளே குடிபுகுந்து வாழ்வது எத்தகையதென விரித்துரைக்க வேண்டுவதில்லை. அந்நூலின் முடிவில் வரும் புதிய நகரில் ஆலயமே காணப்படவில்லை. தேவனும் ஆட்டுக்குட்டியுமே அதற்கு ஆலயம் என்று கூறப்படுகின்றது.

ஐந்தாம் அதிகாரம் இச்சொல்லின் கருவறையாகும். முத்திரையிடப்பட்ட புத்தகத்தைத் திறக்கத்தக்கவர் எவருமில்லையென்று அழும் யோவானை நோக்கி, யூதா கோத்திரத்துச் சிங்கம் வெற்றிபெற்றது என்று மூப்பருள் ஒருவர் கூறுகின்றார். அழுத கண்ணைத் துடைத்து யோவான் நோக்கும்போது அங்கே சிங்கமில்லை. அறுக்கப்பட்டாற்போல நிற்கும் ஓர் ஆட்டுக்குட்டி, ஏழு கொம்புகளோடும் ஏழு கண்களோடும் நிற்கின்றது. செவி கேட்ட பெயரைக் கண் காணும் காட்சி திருத்துகின்றது. வெற்றி என்ற பொருளை அக்காட்சி கைவிடவில்லை. வெற்றி எதனால் வந்தது என்பதையே மாற்றியமைக்கின்றது. அறுக்கப்பட்ட என்பதற்கு அங்கே வழங்கும் கிரேக்கச் சொல் கழுத்தறுத்துக் கொல்லுதலைக் குறிக்கும் கடுமையான சொல். அதனையே பதின்மூன்றாம் அதிகாரம் கடலிலிருந்து எழும்பிய மிருகத்தின் தலையொன்றுக்கும் வழங்கி, மெய்யானதற்கு எதிரே பொய்யானது எவ்வாறு வேடம் பூண்கின்றது என்பதை உணர்த்துகின்றது.

இதன்பின் அர்னியொன் செய்யும் தொழில்களைத் தொகுத்துப் பார்த்தால், சாந்தம் என்ற ஒரு பொருளில் அதனை அடைக்கவியலாது. ஆறாம் அதிகாரத்தில் பூமியின் இராசாக்கள் அதன் கோபத்துக்கு அஞ்சி மலைகளை நோக்கித் தங்களை மறைக்கும்படி வேண்டுகின்றனர். ஏழாம் அதிகாரத்தில் ஆடாகிய அதுவே மேய்ப்பனாகி மக்களை நீரூற்றுக்களுக்கு நடத்துகின்றது. பதினேழாம் அதிகாரத்தில் தன்னோடு பொருத அரசர்களை வெல்லுகின்றது. பத்தொன்பதாம் அதிகாரத்தில் மணவாளனாகின்றது. இருபத்தொன்றாம் அதிகாரத்தில் நகரின் விளக்காகின்றது. இறுதி அதிகாரத்தில் சீவநதி புறப்படும் அரியணை தேவனுக்கும் அதற்கும் ஒன்றேயாகின்றது. மேய்க்கப்படுவது மேய்க்கின்றது, அறுக்கப்பட்டது ஆளுகின்றது என்னும் இம்முரணே அச்சொல்லின் உயிர்.

மேல்நாட்டுத் திருச்சபை இம்முரணை எக்காலமும் ஒரே வகையாகக் கைக்கொள்ளவில்லை. 692இல் கொன்ஸ்தாந்தினோப்பிளில் கூடிய சங்கம், கிறிஸ்துவை ஆட்டுக்குட்டியின் உருவில் எழுதலாகாது, மனித உருவிலேயே எழுதவேண்டும் என்று விதித்தது; அதே காலத்தில் உரோமாபுரியின் பாப்பரசராயிருந்த முதலாம் செர்ஜியுஸ், திருப்பலியிலே ஆட்டுக்குட்டியை விளித்துப் பாடும் மன்றாட்டைப் புகுத்தினார் என்று மரபு கூறும். 1432இல் நிறைவெய்திய கெந்து நகரத்துப் பீட ஓவியத்தில், வான் எய்க் சகோதரர்களின் ஆட்டுக்குட்டி நெஞ்சிலிருந்து பாத்திரத்தினுள் குருதி வடிய, பீடத்தின்மேல் நிமிர்ந்து நிற்கின்றது. பிற்காலத்துச் சிறுவர் படங்களிலேதான் குருதியும் கொம்பும் மறைந்து கம்பளி மாத்திரம் எஞ்சிற்று.

தமிழுக்கு வந்த வழி

யாழ்ப்பாணத்தில் புரொட்டஸ்தாந்து வேதத்தமிழின் வரலாறு ஒல்லாந்தர் காலத்திலே தொடங்குகின்றது. 1658 முதல் 1665 வரை இங்கே குருவாயிருந்த பிலிப்புஸ் பால்தேயுஸ் தமிழ் கற்று வேதப்பகுதிகளைத் தமிழிற் பெயர்க்க முயன்றார். ஒல்லாந்தத் திருச்சபையின் சுதேச குருவாகிய பிலிப்பு தெ மெல்லோ பெயர்த்த புதிய ஏற்பாடு 1759இல் கொழும்பில் அச்சாயிற்று. தரங்கம்பாடியில் சீகன்பால்கு முன்னரே அச்சிட்டதும், சென்னை வேப்பேரியில் இருந்த பபிரிசியுஸ் பின்னர்த் திருத்தமுறப் பெயர்த்ததும் கடலின் அக்கரை வரலாறு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், வெஸ்லியன் மிஷனைச் சேர்ந்த பேர்சிவல் பாதிரியார் யாழ்ப்பாணத்து மொழிபெயர்ப்புக் குழுவை நடத்தியபோது, தம் பாடசாலையில் மாணவராகவும் பின் ஆசிரியராகவும் இருந்த நல்லூர் ஆறுமுகப்பிள்ளையைத் துணைக்கொண்டார். பின்னாளில் ஆறுமுக நாவலர் என விளங்கியவர் அவரே. அம்மொழிபெயர்ப்புச் சென்னைக்குக் கொண்டுசெல்லப்பட்டு, மகாலிங்கையரால் பார்வையிடப்பட்டு, 1850இல் வெளிவந்தது. பபிரிசியுஸின் நடையிற் பழகிய தென்னிந்தியத் திருச்சபைகள் அதனை ஏற்கவில்லை. பின்னர் போவர் ஐயர் தலைமையிலே, யாழ்ப்பாணத்து அமெரிக்க மிஷனாரியாகிய லீவை ஸ்போல்டிங் முதலியோரும் சேர்ந்து திருத்தி, 1871இல் முழுமையாய் வெளிவந்த ஐக்கியப் பதிப்பே இருகரைத் தமிழரிடையும் நிலைத்தது.

அவ்வேதத்தமிழிலே அம்னொஸ், அர்னியொன் ஆகிய இரண்டும் ஆட்டுக்குட்டி என்னும் ஒரே சொல்லாயின. கத்தோலிக்கரோ தம் பழைய செபங்களில் ‘செம்மறிப்புருவை’ என்று வழங்கினர். இக்காலத் திருப்பலியில் அது ‘செம்மறி’ எனச் சுருங்கி நிற்கின்றது. ஒரே ஊரில், ஒரே ஒழுங்கையின் இருபுறத்தும் வாழ்ந்த இருசபையார், ஒரே திருநாமத்தை இவ்வாறு இருவேறு தமிழில் ஓதிவந்தனர். செம்மறி என்னும் வழக்கு, மயிர் கத்தரிக்கப்படும் ஏசாயாவின் ஆட்டுக்கும், வலப்புறத்தில் செம்மறியும் இடப்புறத்தில் வெள்ளாடும் பிரித்து நிறுத்தப்படும் மத்தேயுவின் நியாயத்தீர்ப்புக் காட்சிக்கும் இசைவுடையது. ஆட்டுக்குட்டி என்னும் வழக்கோ, இருவகை ஆட்டையும் தழுவும் பஸ்கா விதியோடும், அம்னொஸ் என்ற சொல்லுக்குள் வெள்ளாட்டின் தொழிலாகிய பாவம் சுமத்தலையும் ஏற்றிவைத்த யோவானோடும் இசைவது. ஒன்றைச் சரியென்றும் மற்றதைத் தவறென்றும் விலக்கிவிடுதல் நியாயமாகாது.

ஐக்கியப் பதிப்பு, வெளிப்படுத்தலின் ஐந்தாம் அதிகாரத்து ஆட்டுக்குட்டியை ‘அடிக்கப்பட்ட’ என்னும் அடைகொடுத்து வழங்கிற்று. நகரத்து வாசகர் சிலர் இதனைப் பிரம்பால் அடியுண்டதாகப் பொருள்கொண்டு மயங்குவதுண்டு. ஆடு அடித்தல் என்றால் ஆட்டை அறுத்தல் என்றும், அயலவர் கூடி அடித்து இறைச்சியைப் பங்கு போடுதல் என்றும் அறிந்த யாழ்ப்பாணத்துக் கிராமத்தானுக்கு அம்மயக்கம் நேர்வதில்லை. கழுத்தறுத்தலைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லை அவனுடைய பேச்சுத்தமிழ் நேராகவே எட்டிவிடுகின்றது.

தரவையும் வேள்வியும்

தொல்காப்பியம் தன் மரபியலில் விலங்கின் இளமைப் பெயர்களை வகுக்கும்போது ஆட்டின் குட்டிக்கு மறி என்னும் பெயரை உரிமையாக்கி, அதன் ஆணுக்கு மோத்தை, தகர், உதள், அப்பர் என நான்கு பெயர்களைக் கூறுகின்றது. யாழ்ப்பாணத்துப் பேச்சில் இன்று மறி என்பது பெட்டையாட்டைக் குறிக்கும். ஆணுக்குக் கிடாய் என்று பெயர். இங்கே வெள்ளாடு வீட்டோடு வாழும் விலங்கு. வேலியில் வெட்டிய கிளுவையும் பூவரசும் முருக்குமாகிய குழையைத் தின்று, முற்றத்து மரத்தடியிற் கட்டுண்டு, பெயரிட்டழைக்கப்பட்டு வளர்வது. செம்மறி மந்தையாகத் தரவை எனப்படும் வெளிகளில் மேய்வது. தென்னிந்தியச் செம்மறியின் வழிவந்த, கம்பளியற்ற குறுமயிர் இனமாதலால், கால்நடை நூலார் அதனை யாழ்ப்பாண நாட்டினம் என வேறாகவே வழங்குவர். மயிர் கத்தரிப்பவன் முன் மௌனமாய் நிற்கும் ஆட்டை இந்நிலத்தார் கண்டதில்லை. ஆனால் தம் முற்றத்திற் பெயரிட்டு வளர்த்த கிடாயை, நேர்த்தி வைத்த நாளிலே மாலை சூட்டிக் கோயில் வாசலுக்கு நடத்திச் சென்ற குடும்பங்கள் பல உண்டு.

வைரவர், காளி முதலிய கிராம தெய்வங்களின் கோயில்களில் நிகழ்ந்த அப்பலிக்கு யாழ்ப்பாணத்தார் இட்ட பெயர் வேள்வி என்பதாகும். கருகம்பனைக் கவுணாவத்தை வைரவர் கோயிலின் வேள்வி அவற்றுள் மிகப் பிரசித்தமானது. இவ்வழக்கின் வேர் மிகப் பழையது. குறுந்தொகையின் 362ஆம் பாட்டிலே, காதலால் மெலிந்த தலைவியின் நோயை முருகனால் வந்ததெனக் கொண்டு சிறுமறியைக் கொல்ல வந்த வேலனைத் தோழி வினாவி மடக்குகின்றாள். திருமுருகாற்றுப்படை, கடாவின் குருதியோடு பிசைந்த அரிசியை முருகனுக்குப் பலியாக இடும் களத்தைக் காட்டுகின்றது. ஒருவரது நோய்க்காக மற்றோர் உயிர் சாதல், அக்குருதி தீங்கை விலக்குதல், பழுதற்ற ஆண் விலங்கைத் தெரிதல், அறுத்த பின் ஊரார் கூடி உண்ணுதல் என்னும் நான்கும் பஸ்காவைப் படிக்கும் யாழ்ப்பாணத்து வாசகனுக்குப் புதியன அல்ல; எருசலேமைக் காணாமலே அவன் அதன் முற்றத்தை அறிவான்.

கொம்புடைய ஆட்டையும் அவன் அறிவான். கந்தபுராணத்தின் உற்பத்தி காண்டத்திலே தகரேறு படலம் என ஒன்று உண்டு. நாரதர் செய்த வேள்வித் தீயினின்று எழுந்த ஆட்டுக்கடா அண்டமெங்கும் ஓடி உலகங்களைக் கலக்க, தேவர்கள் முருகப்பெருமானிடம் முறையிட, வீரவாகுதேவர் அதனைப் பற்றிக் கொணர, பெருமான் அதனைத் தம் ஊர்தியாகக் கொண்டருளினார் என்பது அதன் சரிதம். கோயில்களிலே புராணபடனம் கேட்டு வளர்ந்த ஒரு சமூகத்துக்கு, பலித்தீயிலிருந்து எழும்பி அண்டத்தை அதிரச் செய்யும் ஆடு என்னும் காட்சி விநோதமாகத் தோன்றாது. ஆயினும் வேறுபாடு பெரிது. கந்தபுராணத்துத் தகர் அடக்கப்பட்டு ஊர்தியாகின்றது. வெளிப்படுத்தலின் அர்னியொன் எவராலும் ஏறப்படாமல் அரியணையின் நடுவே தானே நிற்கின்றது. தக்கன் சரிதத்தில் வேள்வியை இயற்றிய தலைவனே தலையிழந்து ஆட்டுத்தலை பெறுகின்றான். அது அகந்தைக்கு வந்த தண்டனை. எபிரெயருக்கு எழுதிய நிருபத்திலும் பலியிடும் ஆசாரியனும் பலியாகும் உயிரும் ஒருவரே; ஆனால் அவர் தம்மைத்தாமே மனமுவந்து ஒப்புக்கொடுக்கின்றார். ஒப்புமை வாசகனை வாயில்வரை அழைத்துச் செல்கின்றது. உள்ளே எது வேறு என்பதை அவன் கண்டுகொள்வதும் அவ்வொப்புமையின் உதவியினாலேயே.

நாவலரும் நிருபகாரரும்

இவ்வொப்புமையை யாழ்ப்பாணத்தில் முதன்முதல் கூர்மையாகப் பயன்படுத்தியவர் கிறிஸ்தவர் எவரும் அல்லர். மொழிபெயர்ப்புப் பணியால் வேதாகமத்தை எழுத்தெண்ணிக் கற்ற நாவலர், 1854இல் வெளியிட்ட சைவதூஷண பரிகாரத்தில், சைவரின் ஆலயக் கிரியைகளைப் பழிக்கும் பாதிரிமார், தம் வேதத்திலே இஸ்ரவேலரின் ஆலயமும் பீடமும் பலியும் தேவ கட்டளையாகவே விதிக்கப்பட்டிருத்தலை மறப்பது எங்ஙனம் என்று வினாவி, வசனத்துக்கு வசனம் எடுத்துக்காட்டி நிறுவினார். அந்நூலிலே வெளிப்பட்ட வேதாகமப் பயிற்சியை அவருடைய எதிரிகளே வியந்தனர். கம்பளிக்குட்டியின் படத்தைக் கண்டு ஒருவர் அவ்வாறு எழுதியிருத்தல் இயலாது; பலிபீடத்தின் குருதியை வேதாகமத்தில் அவர் நேரே கண்டிருந்தார்.

அதே நாவலர் தம் ஊர்க் கோயில்களில் உயிர்ப்பலி நிகழ்வதைக் கடுமையாய்க் கண்டித்தார் என்பதும் இங்கே நினையத்தக்கது. கொல்லாமையும் ஆகமவிதியும் அவர் காட்டிய நியாயங்கள். எபிரெயருக்கு எழுதியவரும், காளைகளும் வெள்ளாட்டுக் கடாக்களும் சிந்தும் இரத்தம் பாவத்தை நீக்கமாட்டாது என்று கூறி, ஒரேதரம் நிகழ்ந்த பலியோடு பலிகள் யாவும் முடிந்தன என்று வாதித்தார். யாழ்ப்பாணத்தின் சைவச் சீர்திருத்தமும் கிறிஸ்தவப் போதனையும், தம்முள் ஓயாது பொருத நாளிலும், வேள்விக் களத்தை மூடவேண்டும் என்பதில் வெவ்வேறு நியாயங்களோடு உடன்பட்டன. 2017இல் யாழ்ப்பாண மேல் நீதிமன்றம் இந்து ஆலயங்களில் மிருகபலியைத் தடைசெய்து தீர்ப்பளித்தது.

முடிபு

பலி ஒழிதல் நன்று. ஆனால் பலியைக் கண்டறியாத தலைமுறைக்குப் பலிச்சொல் எளிதில் அலங்காரச் சொல்லாகிவிடும். முதல் நூற்றாண்டில் ஆலயம் அழிந்த பின் வெளிப்படுத்தலை எழுதியவன் எதிர்கொண்ட இடரும் இதுவே. அவன் அச்சொல்லை மென்மையாக்கி அவ்விடரைக் கடக்கவில்லை. அறுபட்ட வடு மாறாதபடியே ஆட்டை அரியணையில் நிறுத்தி, வல்லரசுகளைச் சிங்கமாகவும் மிருகமாகவும் கண்டு நடுங்கியவர்களுக்கு, உலகின் கடைசி அதிகாரம் கொன்றவனிடத்தில் இல்லை, கொல்லப்பட்டவனிடத்தில் இருக்கின்றது என்று அறிவித்தான். அர்னியொன் என்னும் சொல்லின் அரசியலும் பக்தியும் இவ்வொரு வாக்கியத்தில் அடங்கும்.

ஆகவே, இந்நாட்டிலே வேதம் போதிப்போர் ஆட்டுக்குட்டி என்ற சொல்லை விளக்கப் புகும்போது, பாலஸ்தீனத்து மேய்ச்சல் நிலத்தையும் ஐரோப்பியச் சித்திரத்தையும் மாத்திரம் நாடாமல், தம் காலடியிலுள்ள சான்றுகளையும் எடுத்தாளுதல் வேண்டும். மறியும் கிடாயும், வேள்வியும் தகரேறு படலமும், சைவதூஷண பரிகாரமும் செம்மறிப்புருவையும் கிரேக்க மூலத்துக்குப் புறம்பான உள்ளூர்ச் சரக்குகள் என்று ஒதுக்கத்தக்கன அல்ல. பஸ்கா விதியையும் ஐந்தாம் அதிகாரத்துக் காட்சியையும் அவற்றின் கடுமை குன்றாமல் உணர்த்த வல்ல உரைகருவிகள் அவை. அவற்றின் துணையோடு படிப்பவனுக்குச் சாந்தம் என்ற பொருளும் இழப்பாவதில்லை. வலியற்றவனின் அடக்கம் என்று முன்னர் அவன் எண்ணிய அச்சாந்தம், வெல்லும் ஆற்றலிருந்தும் பழிக்குப் பழி கொள்ளாதவனின் துணிவு என்பது அப்போது விளங்கும்.